ஐந்து நிமிஷம் பேசாதீங்க, அங்கிள்!

தியோடர் அங்கிள் டாக்டர் இல்லை. ஆனால் அதை அவரிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் செகந்தராபாத்தில் யாருக்கும் இல்லை.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் அவர் வேலை பார்த்தார். மாத்திரைப் பெட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவுக்கு அவர்தான் மேனேஜர். அத்தனை வருஷம் மாத்திரைகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் பாதி டாக்டர் படிப்பு தானாகவே தன் உடம்புக்குள் இறங்கிவிட்டது என்று அவர் நம்பினார். ரிட்டயர் ஆன பிறகு தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் செயலாளர் ஆனார். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கினார்.

அதிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது.

சபையில் ஒவ்வொரு வருஷமும், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் போகும். அதற்கு முந்தைய நாள், பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டுப் போட்டி. எல்லாவற்றிலும் பெரிய போட்டி, அம்மாக்களின் ரிலே ஓட்டம். இரண்டு ஏரியாக்கள், ஏரியாவுக்கு நான்கு அம்மாக்கள். பரிசு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பக்கெட்.

கடந்த சில வருஷங்களாக எல்லாப் பக்கெட்டும் அமீர்பேட் ஏரியாவுக்கே போய்க்கொண்டிருந்தது. "பாவம், ஹப்சிகுடாக்காரங்க எதுல தண்ணி புடிச்சுக் குளிக்கிறாங்களோ!" என்று அமீர்பேட் கமலம் ஆண்ட்டி கேட்பார். கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார்.

ஆனால் இந்த வருஷம் ஹப்சிகுடாவிடம் ஷோபா இருந்தார்.

ஷோபா, ஐந்தாம் வகுப்பு ஜெமிமாவின் அம்மா. இன்ஷூரன்ஸ் ஆபீசில் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஜனவரி மாதம் தலை சுற்றுகிறது என்று தார்நாகாவில் ஒரு டாக்டரிடம் போனார். ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொன்னார். முதலில் நடக்கச் சொன்னார், பிறகு மெதுவாக ஓடச் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஷோபா ஓடினார். முதல் வாரம் தெருநாய்கள் துரத்தின. இரண்டாம் வாரம் நாய்களும் கூடவே ஓடின. மூன்றாம் வாரம் நாய்கள், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்பதுபோல் படுத்தபடியே பார்த்தன. ஷோபா நிறுத்தவில்லை.

ஒரு நாள் வேகமாக ஓடி வந்து, கேட் பக்கத்தில் பிரேக் போட்ட பஸ்போலச் சட்டென்று நின்றார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, ஜெமிமா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"ஓடி முடிச்சதும் சிலை மாதிரி நிக்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா. "ரத்தம் எல்லாம் கால்லயே தங்கிடும். மெதுவா நடங்க. நடந்தா கால் தசைகளே ரத்தத்தை மேலே தள்ளிவிடும்."

அன்று முதல், அம்மா ஓடி முடித்ததும் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை நடத்திக் கூட்டிப்போவது ஜெமிமாவின் வேலை. பக்கத்து ஃப்ளாட் அபிநவும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வருவான்.

மாதங்கள் போயின. அம்மாவின் அழுத்தம் சரியான அளவுக்கு இறங்கிவிட்டது. "நீங்க தாராளமா ரிலே ஓடலாம்" என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். ஷோபா புது ஷூ வாங்கினார். ஜெமிமா மனசுக்குள் ஒரு நீலப் பக்கெட்டை வாங்கியே விட்டாள்.

போட்டி நாள் காலை. மைதானத்து வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"அன்பார்ந்த சபையாரே! இந்த ஆண்டு முதல் மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்கள் மட்டுமே போட்டியில் கலந்துகொள்ளலாம். ரத்த அழுத்தத்தின் மேல் எண் நூற்று நாற்பதைத் தாண்டினால் தடை! இது உங்கள் நன்மைக்காகவே! இப்படிக்கு, உங்கள் தியோடர்!"

பரிசோதனை மேஜை பள்ளிக்கூடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. ஏன் மூன்றாம் மாடி? அங்கேதான் தியோடர் அங்கிளின் பேனர் தொங்கியது. அத்தனை பெரிய பேனரை வேறு எங்கேயும் மாட்ட முடியவில்லை. பேனரில் அவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டெதாஸ்கோப் ரோஸ் நிறம். அது அவருடைய பேத்தியின் விளையாட்டுச் சாமான்.

பேனர் இருக்கும் இடத்தில்தானே மேஜை போட முடியும்? மேஜை இருக்கும் இடத்தில்தானே மைக் வைக்க முடியும்? எனவே எல்லாமே மூன்றாம் மாடியில்.

ஓட வேண்டியவர்கள், கயிறு இழுக்க வேண்டியவர்கள், எலுமிச்சம்பழ ஸ்பூனோடு நடக்க வேண்டியவர்கள் எல்லாரும் மாடி ஏறினார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும், மூச்சு வாங்குவதற்குள் தியோடர் அங்கிள் அவர்கள் கையில் பட்டையைச் சுற்றினார். மெஷின் விர்ரென்று காற்றை அடைத்தது. அவர் வாய் அதைவிட வேகமாக ஓடியது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க, சிஸ்டர்? ஊறுகாயா? ஐயையோ! அப்பளமுமா? சொல்லுங்க, சொல்லுங்க!"

அவர்கள் பதில் சொன்னார்கள். மெஷின் எண்ணைக் காட்டியது. அங்கிள் அதை அப்படியே மைக்கில் சொன்னார்.

"பிரதர் சந்தானம், நூற்று அறுபத்தாறு! தடை! சிஸ்டர் கமலம், நூற்று ஐம்பத்திரண்டு! தடை!"

கீழே மைதானமே அண்ணாந்து பார்த்தது. பள்ளிக்கூடப் பரீட்சையின் மார்க்கைக்கூட இவ்வளவு சத்தமாக யாரும் வாசித்ததில்லை.

ஷோபா படிகளை உற்சாகமாகத் தாவி ஏறினார். ஜெமிமாவும் அபிநவும் பின்னாலேயே ஓடினார்கள்.

"சிஸ்டர் ஷோபா!" என்று ஒலிபெருக்கி அலறியது. "நூற்று ஐம்பத்தாறு! தடை! வீட்டில் ஓய்வெடுக்கவும்!"

ஷோபாவின் முகம் சுருங்கிவிட்டது. கீழே யாரோ, "அச்சச்சோ, சின்ன வயசு!" என்றது மேலே வரை கேட்டது.

"அங்கிள், போன வாரம்தான் டாக்டர் பார்த்தாங்க. நூற்று இருபத்திரண்டுதான் இருந்துச்சு."

"அது போன வாரம், சிஸ்டர். மெஷின் பொய் சொல்லாது."

ஷோபா வராண்டாவின் மறுகோடியில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஷூவின் நாடாவை அவிழ்த்தார்.

ஜெமிமா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அம்மா இல்லாவிட்டால் ஹப்சிகுடாவில் மூன்று பேர்தான். மூன்று பேர் ரிலே ஓட முடியாது. பக்கெட்கூடப் போகட்டும். இத்தனை மாதம் விடியற்காலையில் எழுந்து ஓடிய அம்மா, இப்போது எல்லார் முன்னாலும் நோயாளி ஆகிவிட்டார்.

"ஏட்டி ஜெமி, விடு. வா, வீட்டுக்குப் போவோம்" என்றார் ஷோபா.

"கொஞ்சம் இரும்மா."

அந்த வராண்டாவில் இன்னொருவரும் இருந்தார். மைக்செட் உலகநாதன். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் தூங்கும்போதே தியோடர் அங்கிள் மெஷினைச் சோதித்துப் பார்ப்பதற்காக அவர் கையில் பட்டையைச் சுற்றியிருந்தார். நூற்றுப் பதினாறு!

"காலையிலிருந்து தேறினது இவர் ஒருத்தர்தான்" என்று அங்கிளே பெருமையாகச் சொன்னார்.

"அப்ப அம்மாக்கள் ரிலேயில இவர் மட்டும்தான் ஓடணுமா, அங்கிள்?" என்று கேட்டாள் ஜெமிமா.

அபிநவ் பக்கென்று சிரித்தான். உலகநாதன் தூக்கத்திலேயே பெருமூச்சு விட்டார்.

ஜெமிமா யோசித்தாள். மாடி ஏறி வந்த எல்லாருக்கும் கூடுதல். ஏறாமல் தூங்கியவருக்கு மட்டும் சரியான அளவு.

"அங்கிள், அபிநவுக்கு ஒரு தடவை பாருங்களேன்."

அபிநவ் இதற்குள் உலகநாதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் முறுக்கைத் தின்று முடித்திருந்தான். மெஷின் நூற்று நான்கு என்றது.

"அபி, கீழே போய் வேப்பமரத்தைத் தொட்டுட்டு ஓடி வா!"

"நக்கோ ஜெமி! மூணு மாடி!" அபிநவ் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"எங்க அம்மா செஞ்ச அதிரசம் வேணுமா, வேண்டாமா?"

"ஹவ், ஹவ், வேணும்!" என்றபடி அவன் படியில் பறந்தான்.

திரும்பி வந்தவனுக்கு நாக்கு வெளியே தொங்கியது. மெஷின் நூற்று முப்பத்தெட்டு என்றது.

"பார்த்தீங்களா அங்கிள்? ஒரு ஓட்டத்துல இவனுக்கு வியாதி வந்துடுச்சா?"

தியோடர் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாதபோது அவர் செய்யும் காரியம் அது. "குழந்தைகளுடைய உடம்பு வேற, பாப்பா. பெரியவங்க உடம்பு வேற. இதெல்லாம் பெரிய சயின்ஸ். உனக்குப் புரியாது."

அப்போது கீழிருந்து ஒருவர் கத்தினார். "செக்ரட்டரி சார்! சுண்ணாம்புக் கோடு கோணலாப் போகுது!"

"நான் இல்லாம ஒரு கோடுகூட நேராப் போகாது!" என்று அங்கிள் இறங்கி ஓடினார். கோட்டைத் திட்டினார். கோடு போட்டவரைத் திட்டினார். சுண்ணாம்பையும் திட்டினார். பிறகு அத்தனை படிகளையும் ஏறி மேலே வந்தார்.

ஜெமிமா காத்திருந்தாள்.

"அங்கிள், நீங்க பெரியவர்தானே? உங்களுக்கு ஒரு தடவை பார்ப்போமா?"

"எனக்கா?" அங்கிள் சிரித்தார். மூச்சு வாங்கியதால் பாதிச் சிரிப்புதான் வந்தது. "என் உடம்பு இரும்பு, பாப்பா!" உடனே மைக்கைப் பிடித்தார். "சபையாரே, கவனியுங்கள்! இப்போது உங்கள் செயலாளரே பரிசோதனை செய்துகொள்கிறார்! முன்மாதிரியாக!"

எல்லாக் கழுத்துகளும் மேலே திரும்பின. கமலம் ஆண்ட்டி ஐஸ் குச்சியைச் சப்புவதைக்கூட நிறுத்திவிட்டார்.

பட்டை இறுகியது. விர்ர்ர். அங்கிள் அப்போதும் பேசிக்கொண்டேயிருந்தார். "நான் ஊறுகாயைத் தொடுவதே இல்லை. அதிகாலை நான்கு மணிக்கே..."

மெஷின் பீப் என்றது. நூற்று எழுபத்தொன்பது.

தியோடர் அங்கிளின் வாய் திறந்தபடியே நின்றது. நெற்றியில் வியர்வை அரும்பியது. உண்மையாகவே பயந்துவிட்டார்.

மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. கீழே எல்லாரும் காத்திருந்தார்கள். அம்மாவின் எண்ணை ஊருக்கே சொன்ன மைக் அது. ஜெமிமா நினைத்திருந்தால் ஒரே ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம்.

அவள் கை நீட்டி மைக்கின் பொத்தானை அணைத்தாள்.

"பயப்படாதீங்க, அங்கிள். நல்லாச் சாய்ஞ்சு உட்காருங்க. ரெண்டு காலையும் தரையில வைங்க. கையை மேஜை மேல வைங்க."

"பாப்பா, எனக்கு ஏதாவது..."

"ஐந்து நிமிஷம் பேசாதீங்க, அங்கிள்!"

"இல்ல, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"இப்ப ஆரம்பத்திலேருந்து மறுபடியும் ஐந்து நிமிஷம்."

அங்கிள் வாயை மூடினார். அவருக்கு அது மாடி ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கன்னம் இரண்டும் உப்பின. புருவம் பேசப் பார்த்தது. ஜெமிமா புருவத்தையும் முறைத்தாள்.

ஷோபா எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். விசிறிவிட ஒரு அட்டையை எடுத்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட தார்நாகா டாக்டர் சொன்னாங்க, அங்கிள்" என்றாள் ஜெமிமா. "நம்ம கழுத்துல ரத்தக்குழாய் போகுதில்ல, அங்கே அழுத்தத்தை அளக்கிற நரம்பு இருக்காம். எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ராமசுவாமி தாத்தா மாதிரி. அழுத்தம் ஏறினா உடனே மூளைக்குச் சொல்லிடும். மூளை, 'இதயமே, மெதுவா'ன்னு சொல்லும். குழாய்களையும் 'கொஞ்சம் தளர்ந்துக்கோ'ன்னு சொல்லும். இறங்கிடும்."

அங்கிள் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். பிறகு தானே மூடிக்கொண்டார்.

"அப்ப மாடி ஏறும்போது ஏன் ஏறுதுன்னுதானே கேக்கறீங்க? எங்க மாடியில கல்யாணம்னா, ராமசுவாமி தாத்தாகிட்ட முன்னாடியே சொல்லிடுவாங்க. 'இன்னிக்கு நிறைய பேர் வருவாங்க, விசில் ஊதாதீங்க.' அவரும் ஊத மாட்டார். அது மாதிரி, நாம ஓடும்போது மூளையே அந்த நரம்புகிட்ட சொல்லிடுமாம். 'காலுக்கு நிறைய ரத்தம் வேணும். இப்போதைக்கு அழுத்தம் கூட இருக்கட்டும்.' கல்யாணம் முடிஞ்சா பழைய சட்டம்தான். ஓடி முடிச்சுக் கொஞ்ச நேரம் ஆனா, ஓடறதுக்கு முன்னாடி இருந்ததைவிடக்கூட இறங்கும். தினமும் ஓடினா, சும்மா இருக்கும்போதே கம்மியா இருக்கும். அம்மாவுக்கு அப்படித்தான் குறைஞ்சுது."

"நாம கல்யாணக் கூட்டத்தை எண்ணிட்டு, வீட்ல தினமும் இத்தனை பேரான்னு கேட்டோம்" என்றான் அபிநவ், முறுக்குத் தூளைத் தட்டிவிட்டபடி.

கீழே கலவரம் ஆரம்பித்திருந்தது. ஒலிபெருக்கியில் இவ்வளவு நேரம் தியோடர் அங்கிளின் குரல் கேட்காமல் இருந்ததே இல்லை.

"கரண்ட் போச்சா?"

"செக்ரட்டரிக்கு என்ன ஆச்சு?"

சத்தம் இல்லாததால் உலகநாதனுக்கே தூக்கம் கலைந்துவிட்டது. திடுக்கிட்டு எழுந்து ஆம்ப்ளிஃபயரைத் தட்டிப் பார்த்தார். "செட்டு ரிப்பேரா?"

"இல்லை தாத்தா. அங்கிள்தான் ஆஃப்ல இருக்கார்" என்றாள் ஜெமிமா.

ஐந்து நிமிஷம் ஆனது. மறுபடி விர்ர்ர். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார். பீப்.

"நூற்று முப்பத்து மூணு, அங்கிள்!"

தியோடர் அங்கிள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு மறு கண்ணையும் திறந்தார். அவர் முகத்தில் பேனரில் இருந்ததைவிட நல்ல சிரிப்பு ஒன்று வந்தது.

"நீ மைக்கை அணைச்சது எனக்குத் தெரியும், பாப்பா" என்றார் மெல்லிய குரலில். அவருக்கு மெல்லிய குரலும் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. பிறகு ஷோபாவைப் பார்த்தார். "சிஸ்டர், உங்களுக்கு இன்னொரு தடவை பார்க்கலாமா? மைக் இல்லாம?"

ஷோபா இத்தனை நேரமும் அமைதியாக உட்கார்ந்துதான் இருந்தார். நூற்றுப் பதினெட்டு! அவர் குனிந்து ஷூ நாடாவை முடிந்தார். இரட்டை முடிச்சு.

அங்கிள் மைக்கைப் பிடித்தார். நெஞ்சை நிமிர்த்தினார். "சபையாரே! உங்கள் செயலாளர் தேறிவிட்டார்! நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு நான் ஒரு முக்கிய முடிவுக்கு வந்திருக்கிறேன்! எல்லாரும் ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார வேண்டும்!"

"இவர் கண்டுபிடிச்சாராம்!" என்று அபிநவ் கிசுகிசுத்தான்.

"விடுடா. நல்ல விஷயம்தானே சொல்றார்" என்றாள் ஜெமிமா.

மேஜை வேப்பமர நிழலுக்கு வந்தது. பேனர் மட்டும் மேலேயே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. தடை வாங்கியவர்கள் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஆராதனையின்போதுகூட அந்தச் சபையில் அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. கமலம் ஆண்ட்டி பேச்சை அடக்கி அடக்கி, கடைசி நிமிஷத்தில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார். ஆனால் தேறிவிட்டார்.

ஏறக்குறைய எல்லாருமே தேறினார்கள். சந்தானம் மாமாவுக்கு மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் எண் இறங்கவில்லை.

"பிரதர், திங்கட்கிழமை ஒரு டாக்டரைப் பாருங்க" என்றார் தியோடர் அங்கிள், அவர் காதோடு. "நிஜ டாக்டரை." அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. பிறகு தன் விசிலையே கழற்றிச் சந்தானம் மாமாவின் கழுத்தில் மாட்டி, "இன்னிக்கு நீங்கதான் ரெஃப்ரி" என்றார்.

விசில் ஒலித்தது. அமீர்பேட் அம்மாக்கள் புறப்பட்ட வேகத்தில் புழுதி பறந்தது. ஹப்சிகுடாவின் இரண்டாவது அம்மா செருப்பைத் தொலைத்தார். மூன்றாவது அம்மா ரிலே குச்சியைத் தவறவிட்டு எடுத்தார். ஷோபாவின் கைக்குக் குச்சி வந்தபோது கமலம் ஆண்ட்டி பாதி மைதானத்தைத் தாண்டியிருந்தார்.

"அம்மா! நாய் துரத்துது!" என்று கத்தினாள் ஜெமிமா.

ஷோபா சிரித்துக்கொண்டே ஓடினார். அந்த ஓட்டத்தில் இத்தனை மாதத்துக் காலைகளும் இருந்தன. வேப்பமரத்தைத் தாண்டும்போது கமலம் ஆண்ட்டியைப் பிடித்தார். முடிவுக் கோட்டுக் கயிற்றைத் தொடும்போது ஓர் அடி முன்னால் இருந்தார்.

ஹப்சிகுடா குதித்தது. கமலம் ஆண்ட்டியே ஷோபாவைக் கட்டிக்கொண்டு, "போ, இனிமேலாவது குளிங்க!" என்றார்.

"வெற்றி பெற்ற சகோதரிகள் மேடைக்கு வரவும்!" தியோடர் அங்கிள் மைக்கோடு மேடையில் நின்றார். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதக் கற்றை ஒன்றை எடுத்தார். கற்றை தடியாக இருந்தது. "எல்லாரும் அசையாமல் நிமிர்ந்து நில்லுங்கள். நான் சில வார்த்தைகள் பேசப்போகிறேன்."

"அங்கிள், நிக்கக் கூடாது!" ஜெமிமா குறுக்கே ஓடிவந்தாள். "இப்பதான் ஓடி முடிச்சிருக்காங்க. ரத்தம் எல்லாம் கால்ல இருக்கு. சட்டுன்னு நின்னா மயக்கம் வரும். மெதுவா நடக்கணும்."

அங்கிள் காகிதக் கற்றையைப் பார்த்தார். அம்மாக்களைப் பார்த்தார். ஜெமிமாவைப் பார்த்தார்.

"அப்படியா? சரி. அப்ப நானும் கூடவே நடந்துகிட்டே பேசறேன்."

ஜெமிமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு அம்மாக்களும் மைதானத்தைச் சுற்றி மெதுவாக நடக்க ஆரம்பித்தார்கள். கூடவே தியோடர் அங்கிளும் மைக்கோடு நடந்தார்.

"அன்பார்ந்த சகோதரிகளே! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், நான் சிறுவனாக இருந்தபோது..."

நாலு எட்டு வைப்பதற்குள் மைக் அவரைப் பின்னால் இழுத்தது. அங்கிள் திரும்பிப் பார்த்தார்.

"ஒயர் அவ்வளவுதான் சார்!" என்றார் உலகநாதன்.

அம்மாக்கள் நடந்துகொண்டே போனார்கள். தியோடர் அங்கிள் கையில் இருந்த மைக்கைப் பார்த்தார், தூரத்தில் போகிறவர்களைப் பார்த்தார். பிறகு மைக்கை உலகநாதனிடம் கொடுத்துவிட்டு, "இருங்க, நானும் வரேன்!" என்று வெறும் வாயோடு ஓடினார்.